காம்பஸுக்கு அடங்காத வட்டம்: ஃபியூச்சுரா போல்ட் எழுத்துருவை வரையவும் பயன்படுத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வெள்ளைத் தாளில் காம்பஸால் வட்டம் போடுங்கள். மையத்தை மாற்றாமல் உள்ளே சின்னதாக இன்னொரு வட்டம். நடுவில் வரும் வளையத்தைக் கறுப்பு மார்க்கரால் நிரப்பி, தாளைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வளையத்தின் தடிமன் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். ஆனால் மேலேயும் கீழேயும் கொஞ்சம் கனத்திருப்பது போலவும், இரண்டு பக்கமும் இளைத்திருப்பது போலவும் தெரியும். ஸ்கேல் ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது.

எழுத்து வரைகிறவர் கண் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்தது போலத் தெரிகிற தடித்த எழுத்துருக்களில் உண்மையில் காம்பஸ் வேலை மிகக் குறைவு. இந்த வகைக்கே தாய்வீடு என்று சொல்லத்தக்க ஃபியூச்சுராவின் போல்ட், அதாவது தடித்த, வடிவத்தை வைத்து அதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஆங்கில எழுத்துகளைப் பெரிய ஓ, சின்ன என் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறேன். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது.

எங்கிருந்து வந்தது

பவுல் ரென்னர் 1878இல் பிறந்த ஜெர்மானியர். ஓவியர், புத்தக வடிவமைப்பாளர், ஆசிரியர். 1924 வாக்கில் இந்த எழுத்துருவுக்கான வரைவுகளைத் தொடங்கினார். பிராங்க்ஃபர்ட்டில் இருந்த பாவர் அச்செழுத்து வார்ப்பகம் அதை 1927இல் ஈயத்தில் வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே பத்தாண்டில்தான் யாக்கோப் எர்பாரின் எழுத்துருவும் ரூடால்ஃப் கோஹின் காபெல் எழுத்துருவும் வந்தன. வட்டம், முக்கோணம், சதுரம் என்ற எளிய வடிவங்களிலிருந்து எழுத்தைப் பிறப்பிக்க முடியுமா என்று அந்தக் காலத்து ஜெர்மனியில் பலரும் முயன்றுகொண்டிருந்தார்கள். ரென்னர் அந்நாட்டின் பாவ்ஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைச் சேர்ந்தவர் என்று பலர் எழுதுவது தவறு. அவர் அங்கே படிக்கவும் இல்லை, பாடம் நடத்தவும் இல்லை.

அவருடைய ஆரம்ப வரைவுகளில் சின்ன ஆர் என்பது ஒரு குச்சியும் அதன் பக்கத்தில் ஒரு புள்ளியும் மட்டும்தான். சின்ன என்னும் எம்மும் செங்கோணமாக மடித்த கம்பி போல இருந்தன. பார்க்க அழகுதான், ஆனால் வரியாகப் படிக்க முடியவில்லை. கணக்குக்கு அடங்கிய அந்த வடிவங்கள் பெரும்பாலும் கழிந்துபோய், கண்ணுக்கு அடங்கியவை நின்றன. மூன்று ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி இந்தக் கழித்தலுக்கே போயிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாஜிகளின் கலாச்சாரக் கொள்கையை எதிர்த்து 1932இல் ரென்னர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1933இல் அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அவரைக் கைது செய்தார்கள். மியூனிக்கில் அவர் நடத்திவந்த அச்சுக்கலைப் பள்ளியின் பொறுப்பும் பறிபோனது. இந்த எழுத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படி 1: வரைவதற்கு முன் பார்ப்பது

ஃபியூச்சுரா போல்டில் ஆங்கில எழுத்து முழுவதையும் பெரிய அளவில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து அரைப் பக்கத்துக்கு வரட்டும்.

முதலில் பெரிய எழுத்துகளின் அகலத்தைக் கவனியுங்கள். பெரிய ஓ, சி, ஜி எல்லாம் அகலமாக, கிட்டத்தட்ட முழு வட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. ஈ, எஃப், எல், எஸ் நான்கும் ஒடுங்கி நிற்கின்றன. ரோமாபுரியில் ட்ராஜன் தூணின் அடியில் கல்லில் வெட்டியிருக்கிறார்களே, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அந்த எழுத்துகளின் அகலக் கணக்கு இதுதான். நவீனத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படும் எழுத்துக்குள் அவ்வளவு பழைய எலும்புக்கூடு இருக்கிறது. பெரிய எழுத்துகளில் மட்டும் ஒரு சொல்லை அமைத்தால் அது கல்வெட்டு போலக் கம்பீரமாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் சின்ன எழுத்துகள். சின்ன ஏ மேலே கொக்கி இல்லாமல் ஒரு வட்டமும் ஒரு குச்சியுமாக இருக்கிறது. சின்ன ஜே வளையாமல் நேராக இறங்குகிறது. சின்ன டி (t) ஒரு குச்சியும் குறுக்குக் கட்டையும்தான். சின்ன யூவுக்கு வலப்பக்கம் வால் கிடையாது. சின்ன எல், சின்ன பி போன்றவற்றின் குச்சிகள் பெரிய எழுத்துகளையும் தாண்டி மேலே போகின்றன.

இப்போது பெரிய ஏவின் உச்சியைப் பாருங்கள். ஃபியூச்சுராவின் மெல்லிய வடிவங்களில் அது ஊசி முனை போலக் கூராக இருக்கும். போல்டில் அதைத் தட்டையாக வெட்டியிருப்பார்கள். இரண்டு தடித்த கட்டைகள் சாய்ந்து கூராக முடிய வேண்டுமானால் உச்சி வரிக்கு மேலே வெகுதூரம் துருத்திக்கொண்டு நிற்கும். தடிமன் கூடும்போது வெறும் கோட்டை மட்டும் பருமனாக்கினால் போதாது, எழுத்தையே மறுபடி யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி இல்லை.

படி 2: பெரிய ஓவை வரைவது

எழுத்துரு வரையும் இலவச மென்பொருள் ஃபான்ட்ஃபோர்ஜ் போதும். ஆயிரம் அலகுக் கட்டத்தில் பெரிய எழுத்தின் உயரம் 700 என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெரிய ஹெச் வரையுங்கள். அதன் செங்குத்துக் கட்டை 150 அலகு அகலம். நடுவில் வரும் குறுக்குக் கட்டையையும் 150 வைத்துப் பாருங்கள். குறுக்குக் கட்டை தடித்துத் தெரியும். 125க்குக் கொண்டுவாருங்கள், இரண்டும் ஒன்று போல ஆகிவிடும். படுத்திருக்கும் கோடு நின்றிருக்கும் கோட்டைவிடப் பருமனாகத் தெரிவது நம் கண்ணின் இயல்பு.

இந்த இரண்டு எண்களை வைத்து ஓவுக்கு வருவோம். வெளிவட்டத்தை அகலம் 720, உயரம் 724 என்று வையுங்கள். உயரம் 700க்கு மேல் 24 கூடியிருக்கிறது அல்லவா? மேலே 12, கீழே 12 அலகு வரியைத் தாண்டி நிற்கட்டும். வளைவு வரியை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. அதனால் சரியாக 700க்குள் வரைந்த ஓ, பக்கத்தில் நிற்கும் ஹெச்சைவிடச் சின்னதாகத் தெரியும். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, ஒவ்வொன்றிலும் உயரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இப்படித் தாண்டவிடுவது வழக்கம்.

உள்ளே இருக்கும் வெள்ளை இடத்தை உள்வெளி என்று சொல்லிக்கொள்வோம். பக்கங்களில் 150, மேலும் கீழும் 125 கழித்தால் உள்வெளி 420 அகலம், 474 உயரம். பார்த்தீர்களா, உள்ளே இருப்பது வட்டமே இல்லை, நின்ற முட்டை வடிவம். முட்டையை வட்டத்துக்குள் வைத்த பிறகுதான் கண்ணுக்கு முழு வட்டம் கிடைக்கிறது. முதலில் சுவரில் ஒட்டிய வளையத்தின் பக்கத்தில் இதையும் அச்செடுத்து ஒட்டிப் பாருங்கள். இந்த எண்கள் தொடங்குவதற்கு மட்டும். அங்கிருந்து ஐந்து, பத்து அலகு கூட்டியும் குறைத்தும் அச்செடுத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

படி 3: கோடுகள் சேரும் இடம்

போல்ட் எழுத்தில் ஆகக் கடினமான இடம் இதுதான், இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுவேன்.

சின்ன என்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சி, அதிலிருந்து கிளம்பி வளைந்து இறங்கும் ஒரு வில். இரண்டையும் முழுத் தடிமனில் சேர்த்தால் சேரும் இடத்தில் கறுப்பு குவிந்து கறை மாதிரி நிற்கும். பத்து எழுத்துள்ள சொல்லில் நான்கு கறை விழுந்தால் கண் சொல்லை விட்டுவிட்டுக் கறையைத்தான் பார்க்கும். அதனால் வில் குச்சியை நெருங்கும்போது படிப்படியாக இளைத்து, கிட்டத்தட்ட பாதித் தடிமனில் போய் ஒட்ட வேண்டும். சின்ன ஏ, பி, டி, பீ, க்யூ (a, b, d, p, q) எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஃபியூச்சுரா போல்டின் சின்ன பியை அரைப் பக்க அளவில் பார்த்தால் வட்டம் குச்சியோடு சேரும் இரண்டு மூலையிலும் எவ்வளவு சதை வெட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியும். சின்ன அளவில் அது யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாமல் இருக்கத்தான் அவ்வளவு வேலை.

பெரிய எக்ஸிலும் ஒரு வித்தை உண்டு. இரண்டு சாய்ந்த கட்டைகள் குறுக்கே வெட்டும்போது, ஸ்கேல் வைத்து நேராக இழுத்த கோடுகூட வெட்டும் இடத்தில் உடைந்து விலகினது போலத் தெரியும். தடிமன் கூடக் கூட இந்த மயக்கமும் கூடும். ஒரு கட்டையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் அது நேராகத் தெரியும். பெரிய ஈயின் நடுக்கட்டையைச் சரியாக நடுவில் வைத்தால் கீழே சரிந்தது போல இருக்கும், அதனால் ஒரு நூல் மேலே ஏற்ற வேண்டும். பெரிய பியின் மேல் வயிறு கீழ் வயிற்றைவிடச் சின்னது. பெரிய எஸ்ஸும் அப்படித்தான். எஸ்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் தலை பெருத்து விழப்போவது போலத் தெரியும்.

படி 4: எழுத்துக்கு நடுவில் உள்ள வெள்ளை

சரி, எழுத்து தயார். அதை வைத்துச் சொல் அமைக்க வேண்டும். எழுத்துருவை வரையாமல் வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் இங்கிருந்து படிக்கத் தொடங்கினாலும் போதும்.

அடிப்படைக் கணக்கு ஒன்றே ஒன்று. இரண்டு நேர்க்கட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இடைவெளி அதிகம் வேண்டும். நேர்க்கட்டையும் வளைவும் வந்தால் குறைவு. இரண்டு வளைவுகள் வந்தால் இன்னும் குறைவு. எழுத்துருவுக்குள் இந்த இடைவெளிகள் ஏற்கெனவே இருக்கும். ஆனால் ஐந்தங்குல உயரத்தில் ஒரு கடைப் பலகையோ புத்தக அட்டையோ செய்யும்போது அதை மட்டும் நம்பக்கூடாது.

வாட்டர் (WATER) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் அடித்துப் பாருங்கள். டபிள்யூவும் ஏவும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஒன்றின் சரிவுக்குள் இன்னொன்று நன்றாக உள்ளே போகலாம். ஏவும் டியும் வரும் இடத்தில், ஏவின் தோளுக்கு மேலேயும் டியின் கைக்குக் கீழேயும் பெரிய வெள்ளைப் பள்ளம் விழும். அங்கே டியை ஏவின் பக்கம் தள்ளுங்கள். கடைசியில் ஈயும் ஆரும். ஈயின் மூன்று கட்டை முனைகள் ஆரின் முதுகை நோக்கி நிற்பதால் அங்கே நெருக்கிவிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே எழுத்தாகிவிடும். எனவே அந்த ஜோடியைத் தொடாதீர்கள். இப்படி ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகச் சரி செய்வதைத்தான் கெர்னிங் என்கிறோம்.

சரிபார்க்க மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். சொல்லைத் தலைகீழாகத் திருப்பிவிடுவேன், அப்போது அர்த்தம் மறைந்து வடிவம் மட்டும் மிஞ்சும். கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பேன், கறுப்பு திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அங்கே பிழை. மூன்று மூன்று எழுத்தாக மற்றதைக் கையால் மறைத்து, நடு எழுத்து நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பேன்.

போல்டில் பெரிய அளவுக்குப் போகப் போக இடைவெளியைக் குறைக்கலாம். உள்வெளி சின்னது என்பதால் எழுத்துக்கு நடுவிலும் வெள்ளை கம்மியாக இருந்தால்தான் சொல் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். சின்ன அளவில் நேர்மாறு, கொஞ்சம் விரித்துவிட வேண்டும்.

படி 5: எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

ஃபியூச்சுரா போகாத இடமில்லை. 1969இல் அப்பல்லோ 11 நிலாவில் விட்டுவந்த எஃகுப் பலகையில் இருப்பதும் ஃபியூச்சுராதான், ஆனால் அது போல்ட் இல்லை. 1959இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் விளம்பர வரிசையில் பேர்பெற்ற ஒன்றில் பக்கம் முழுக்க வெள்ளையாக விட்டு, சின்னதாக ஒரு கார், கீழே இரண்டே சொல்லில் தலைப்பு. அந்தத் தலைப்பு ஃபியூச்சுராவின் தடித்த வகை ஒன்றில் அமைந்தது. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் உண்டு. நைக்கியின் மூன்று சொல் முழக்கம் ஃபியூச்சுராவின் ஒடுங்கிய போல்டில் வருகிறது. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல் சிவப்புப் பட்டை போட்டு, அதில் வெள்ளை நிறத்தில் சாய்ந்த ஃபியூச்சுரா போல்டை வைத்தார். நுகர்வையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்ட அந்த வடிவத்தையே பிறகு சுப்ரீம் என்ற ஆடை நிறுவனம் தன் சின்னத்துக்கு எடுத்துக்கொண்டது.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது சொல்லின் எண்ணிக்கைக் குறைவு. இரண்டு சொல், மூன்று சொல், அதிகம் போனால் ஒரு வரி. ஃபியூச்சுரா போல்ட் ஓங்கிச் சொல்லும் எழுத்து. ஓங்கிச் சொல்வதைப் பத்தி பத்தியாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். புத்தக அட்டை, சுவரொட்டி, கடைப் பெயர், கட்டடத்துக்குள் வழிகாட்டும் பெரிய எண்கள், டி சட்டை ஆகியவற்றுக்கெல்லாம் தயங்காமல் எடுக்கலாம்.

நீண்ட உரைக்கு வேண்டாம். சின்ன எழுத்துகளின் உடல் உயரம் குறைவு என்பதால் 8, 9 பாயிண்ட்டில் உள்வெளிகள் அடைந்துபோகும். கொக்கி இல்லாத சின்ன ஏயும் சின்ன ஓவும் ஒன்று போலத் தெரியத் தொடங்கும். இதைவிட ஆபத்தானது, பெரிய ஐயும் சின்ன எல்லும் வெறும் குச்சிகளாக ஒரே மாதிரி இருப்பது. மருந்துப் பெயர், கடவுச்சொல், வங்கிக் கணக்கின் குறியீடு மாதிரி ஓர் எழுத்து மாறினால் கெட்டுப்போகும் எதையும் இதில் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 6: தமிழோடு சேர்த்து வைப்பது

நம் ஊர் வேலையில் பாதிக்கு மேல் இரண்டு மொழியிலும் இருக்கும். வழக்கமாகக் கிடைக்கும் ஃபியூச்சுரா வடிவங்களில் தமிழ் கிடையாது, அதனால் ஒரு தமிழ் எழுத்துருவைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். கிடைப்பவற்றில் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவின் அனெக் தமிழ். தடிமனையும் அகலத்தையும் இழுத்துக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் ஆங்கிலத்துக்கு அருகில் கொண்டுவருவது எளிது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த காட்டமரன் இன்னொரு நல்ல தேர்வு, அதில் ஒன்பது தடிமன்கள் உண்டு.

போல்டுக்குப் பக்கத்தில் போல்ட் என்று பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். ப, ட, ம போன்றவற்றில் கோடு குறைவு. ண, ஞ, ழ போன்றவற்றில் அதே அகலத்துக்குள் கோடுகள் நெருங்கி நிற்கின்றன. ஆங்கிலத்தின் 150 அலகுக் கட்டையைத் தமிழுக்கும் கொடுத்தால் ணவின் சுழிகள் அடைந்துபோகும். எனவே தமிழ்க் கோடு ஆங்கிலக் கோட்டைவிட ஒரு படி மெலிந்தே இருக்கட்டும். இரண்டு வரியையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, கண்ணைப் பாதி மூடி, இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் வரை தமிழின் தடிமனை நகர்த்துங்கள். உயரத்துக்கும் இதே முறைதான். பவின் உயரம் ஆங்கிலப் பெரிய எழுத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பொருந்தும்.

வரி இடைவெளியில் கவனம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வரிக்கு வரி ஒட்டி அடுக்கலாம், கீழே இறங்குவது எதுவும் இல்லை. தமிழில் மேலே றி, ளீ, கீழே கு, மூ எல்லாம் வரும். அதே நெருக்கத்தில் அடுக்கினால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் மோதும். எழுத்துகளை விரித்து வைக்கும் டிராக்கிங்கையும் தமிழுக்குக் கொடுக்காதீர்கள். பல மென்பொருள்களில் கொம்பும் காலும் தன் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியே நிற்கும். போல்ட் இல்லாத தமிழ் எழுத்துருவைச் சுற்றி அவுட்லைன் கொடுத்துத் தடிமனாக்கும் பழக்கமும் வேண்டவே வேண்டாம். கோடு வெளிப்பக்கம் வளர்வது போலவே உட்பக்கமும் வளர்ந்து சுழியை விழுங்கிவிடும்.

உரிமம்

ஃபியூச்சுராவின் கணினி வடிவங்களைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. ஒவ்வொன்றிலும் வளைவுகள் சற்றே மாறும், அதனால் ஒரே வேலையில் இரண்டைக் கலக்காதீர்கள். அச்சுக்கு ஓர் உரிமம், இணையத்துக்கு ஓர் உரிமம், செயலிக்கு ஓர் உரிமம் என்று தனித்தனியாக இருப்பது வழக்கம். மேக் கணினியில் சில ஃபியூச்சுரா வடிவங்கள் கூடவே வரும். செலவில்லாமல் வேண்டும் என்றால் ஜோஸ்ட் நல்ல மாற்று, 1920களின் ஜெர்மன் எழுத்துகளைப் பார்த்து வரைந்தது. லீக் ஸ்பார்ட்டன், பாப்பின்ஸ், மோன்செராட் ஆகியவையும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பாப்பின்ஸில் தேவநாகரி உண்டு, தமிழ் இல்லை.

படி 7: அச்சுக்குப் போகும் முன்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சி அழைப்பிதழ் செய்தேன். கறுப்புப் பின்னணி, அதில் வெள்ளையில் ஃபியூச்சுரா போல்ட். திரையில் பிரமாதமாக இருந்தது. அடியில் வெள்ளைப் பட்டையில் முகவரியையும் அதே போல்டில், கறுப்பாக, 7 பாயிண்ட்டில் வைத்துவிட்டேன். பளபளப்பு இல்லாத தாள், மை கொஞ்சம் பரவியது. சின்ன ஈக்களின் கண் எல்லாம் மூடிப்போய், தெருப் பெயரைப் படிக்க முடியவில்லை. அச்சகத்தார் மேல் தவறு இல்லை, வடிவமைத்த நான் யோசித்திருக்க வேண்டும். முந்நூறு அழைப்பிதழுக்கும் முகவரிச் சீட்டு தனியாக அடித்து உள்ளே வைத்தோம்.

கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து வரும்போது மை எழுத்துக்குள் நுழையும், வெள்ளையின் மேல் கறுப்பு எழுத்து வரும்போது மை எழுத்துக்கு வெளியே கசியும். முதலாவதில் குச்சி இளைக்கும், இரண்டாவதில் உள்வெளி இளைக்கும். சின்ன அளவில் இரண்டுக்கும் கொஞ்சம் விரிந்த இடைவெளியும், இரண்டாவதுக்கு மட்டும் ஒரு படி குறைந்த தடிமனும் கொடுத்தால் தப்பிக்கலாம். ஃபிளெக்ஸ் என்றால் கவலை வேறு. அதைப் பார்க்கிறவர் சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்பார். திரையில் சொல்லை விரல் நகம் அளவுக்குச் சுருக்கி, ஆறடி தள்ளி நின்று வாசித்துப் பாருங்கள்.

கடைசியாக, அச்சாகப்போகும் அதே தாளில், அதே அளவில், ஒரே ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். வெயில் வெளிச்சத்தில் வைத்து, அதில் இருக்கும் மிகச் சின்ன ஈயின் கண்ணைத் தேடுங்கள். அது திறந்திருந்தால் அச்சுக்கு ஒப்புதல் கொடுக்கலாம்.